வெண்டல் நட்ட தூண்

அக்டோபர் 8, ஞாயிறு

கொட்டகையை ஒட்டிய சாய்ப்புக்குத் தூண் நட்டு ஒரு மாதம் ஆகிறது. மேலே ஆகாயத்தைத் தவிர ஒன்றும் இல்லை. இன்று கூரையைத் தாங்கும் முதல் கைமரத்தை ஏற்றப் போனேன். ஏணியில் நின்றுகொண்டு ஒரு கையில் மரம், ஒரு கையில் சுத்தியல், வாய் நிறைய ஆணி. இன்னும் இரண்டு கை இருந்தால் தேவலை.

அந்த இரண்டு கைக்குச் சொந்தக்காரர் வெண்டல், என் புருஷன், சோபாவில் இருந்தார். டிவியில் பேக்கர்ஸ் ஃபுட்பால் ஆட்டமாம். முழங்கால் வலியாம். நம்ம பையன்கள் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் மட்டும் அந்த முழங்கால் எழுந்து குதிக்கிறது.

இத்தனை பாடும் படகுக்காக. ஜூலையில் தீயணைப்பு நிலையத்துக் குலுக்கலில் எனக்கு விழுந்தது. ரெண்டு பெரிய அலுமினிய உருளை மேல் வீட்டுக் கூடத்தையே தூக்கி வைத்தது மாதிரி தட்டையான படகு, மெத்தை இருக்கையோடு. ஐம்பத்தேழு வயதில் எனக்கு விழுந்த முதல் பரிசு. வருஷக்கணக்காய்ப் பள்ளிக்கூடச் சமையலறையில் இருநூறு பிள்ளைகளுக்கு வடித்துக் கொட்டியவள் நான். ஆகஸ்டில் ஏரி நடுவே அதை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னை எதற்கும் கூப்பிடவில்லை. சந்தோஷத்தில் அழுதேவிட்டேன்.

குளிர்காலத்தில் முற்றத்துப் பனியைத் தள்ளும்போது அது வழியை மறிக்குமாம் வெண்டலுக்கு. வெள்ளிக்கிழமை மீன் சாப்பாட்டுக் கடையில், ஊர் முன்னால் சொன்னார்: "முதல் பனி விழறதுக்குள்ள சாய்ப்பு முழுசா மூடி, படகு உள்ள இருந்தா அது உன்னுது. இல்லன்னா ட்வைட் எடுத்துக்கட்டும்." ட்வைட் இவருடைய சித்தப்பா மகன். பக்கத்து மேஜையில் மீனை மென்றபடி இளித்தான். எனக்கு வந்ததே கோபம்! "சரி" என்று கை கொடுத்துவிட்டேன்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதுசா என்ன.

அக்டோபர் 14, சனி

மூளை வேலை செய்தது! படகை அதன் வண்டியோடு சாய்ப்புக்குள் கொண்டுபோய் நிறுத்தினேன். கொட்டகைச் சுவரை ஒட்டினாற்போல், நீளவாக்கில். அதன் தளத்தில் நின்றால் கைமரம் நெஞ்சுக்கு நேரே வருகிறது. ஏணியாவது, சாரமாவது. களைத்தால் மெத்தை இருக்கை, காபி வைக்கக் குழி. இவ்வளவு சொகுசாய் எந்தத் தச்சனும் கூரை போட்டிருக்க மாட்டான்.

வெண்டல் வந்து பார்த்தார். "படகு மேல நின்னு கூரை போடுறியா?"

"ஏங்க, வெள்ளம் வந்தாலும் வேலை நிக்காது பாருங்க."

சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அக்டோபர் 15, ஞாயிறு

ஐந்து கைமரம் ஏறியது. விரலில் ஒரு அடி. என்ன சொல்லிக் கத்தினேன் என்பதை எழுத மாட்டேன். பாவமன்னிப்புக் கேட்க நாளைக்கு மறுபடி சர்ச்சுக்குப் போகலாமா என்று யோசிக்கிற அளவுக்கு.

அக்டோபர் 21, சனி

பக்கத்துப் பண்ணை ஐனார் வந்தார். எழுபது வயது, இந்த வட்டாரத்தில் பாதிக் கொட்டகைக்குக் கூரை போட்டவர். பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

"ஏம்மா, வேணும்னா ஒரு கை குடுக்கட்டுமா?"

"அய்யோ, உங்களுக்கு எதுக்கு அண்ணே சிரமம்!"

"இல்ல, சும்மாதான் இருக்கேன்."

"பரவால்ல அண்ணே, நான் பாத்துக்குறேன்."

மூன்றாவது தடவை கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன். அதுதானே முறை! மனுஷன் இரண்டோடு நிறுத்திக்கொண்டார். "அப்ப சரி" என்றார். பிறகு மழை, சோளம், தன் இடுப்பு என்று வண்டிக் கதவைப் பிடித்தபடியே முக்கால் மணி நேரம் பேசிவிட்டுப் போனார். அந்த நேரத்தில் இரண்டு கைமரம் ஏற்றியிருக்கலாம்.

அக்டோபர் 28, சனி

கைமரம் எல்லாம் முடிந்தது. பலகை போட ஆரம்பித்தேன். கீழ் ஓரத்தில் நூல் பிடித்து, முதல் பிளைவுட் பலகையைக் கச்சிதமாக வைத்தேன். இரண்டாவது, மூன்றாவது அருமை. மேல் வரிசைக்குப் போனால் கொட்டகைப் பக்கம் ஒரு முனையில் ஒட்டுகிறது, மறுமுனையில் என் முஷ்டி நுழைகிறது. மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன். என் சாய்ப்பு நேர். கொட்டகைதான் கோணல்.

"உங்கப்பா கட்டினது கோணல்ங்க" என்றேன்.

"அப்பா கட்டினது நேராத்தான் இருக்கு. பூமிதான் நகந்திருக்கு."

இந்த ஆளோடு முப்பது வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன்.

அக்டோபர் 29, ஞாயிறு

பலகைக்குப் பலகை ஓரம் அறுத்து அறுத்து முதுகு போயே போச்சு. மரத்தூள் காதுக்குள், காபிக்குள், எங்கெல்லாமோ.

நவம்பர் 4, சனி

வாசல் பக்கத்துக் கடைசிக் கைமரம் தொங்குகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் கூரை சிரிக்கிற மாதிரி இருக்கிறது. தப்பு என்னுடையதுதான். ஒவ்வொரு மரத்துக்கும் லேசான வளைவு இருக்கும், முதுகு மேலே பார்க்க வைக்கணும். மற்ற எல்லாவற்றையும் பார்த்துத்தான் வைத்தேன். இதை மட்டும் குப்புறப் போட்டிருக்கிறேன். மேலே பலகையும் அடித்தாகிவிட்டது. இனி பிரிக்க நேரம் ஏது?

வெண்டல் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். பத்து நிமிஷம் பார்த்தார்.

"நடுவுல ஒரு தூண் குடுத்தா தீந்துச்சு."

"யாரு குழி வெட்டுறது?"

"நான்."

என் காதையே நம்ப முடியவில்லை.

நவம்பர் 5, ஞாயிறு

ஆட்டத்தைக்கூட விட்டுவிட்டுக் குழி வெட்டினார்! நாலடி ஆழம். தூணை நிறுத்தி, ரசமட்டம் வைத்து, கான்கிரீட் ஊற்றி, அது இறுகும்வரை பக்கத்திலேயே காவல். மாலையில் ஒரு பிராந்தியோடு போய்த் தூணைத் தட்டிப் பார்த்தார். "குண்டு விழுந்தாலும் அசையாது" என்றார். கூரையும் நிமிர்ந்துவிட்டது. முப்பது வருஷத்தில் இவர் சொல்லி உருப்பட்ட முதல் விஷயம்.

ஐனார் ரோட்டில் வண்டியை நிறுத்தினார். தூணைப் பார்த்தார், படகைப் பார்த்தார், மறுபடியும் தூணை.

"தூண் நல்லா நிக்குது" என்றார்.

வெண்டலுக்குத் தலைகால் புரியவில்லை.

நவம்பர் 11, சனி

இன்னும் ஆறு பலகை. வானம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. வானிலைக்காரன் "அடுத்த சனிக்கிழமை வாக்கில் பனி" என்கிறான். உன் வாயில் மண்ணைப் போட!

நவம்பர் 18, சனி

மான் வேட்டை தொடங்கும் நாள். ஆண்பிள்ளை என்று ஒருத்தன் கண்ணில் படவில்லை, எல்லாரும் மரத்தின் மேல் பரண் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மான் என்று நினைத்து என்னைச் சுட்டுவிடப் போகிறார்கள் என்று ஆரஞ்சுச் சட்டை, ஆரஞ்சுத் தொப்பியோடு கூரையில் ஏறினேன். பரங்கிக்காய் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்திருப்பேன்.

நாலு பலகை அடித்துவிட்டேன். ஐந்தாவதைத் தூக்கும்போது மூக்கில் ஒன்று விழுந்தது.

இல்லை. இல்லை இல்லை இல்லை.

போன் அடித்தது. காட்டிலிருந்து வெண்டல், ரகசியக் குரலில்: "ஆர்லிஸ், பனி."

"இது பனி இல்ல. பொடுகு."

"தொப்பியெல்லாம் வெள்ளையாயிருச்சு, ஆர்லிஸ்."

"ரெண்டே ரெண்டு பலகைங்க!"

"ஊரு முன்னால கை குடுத்தாச்சு" என்றார். அவர் குரலும் சரியில்லை.

கடைசி இரண்டு பலகையையும் பனியிலேயே அடித்தேன், அடிக்கிற ஒவ்வொரு ஆணிக்கும் ட்வைட்டின் பெயரை வைத்து. பிறகு படகில் போய் உட்கார்ந்தேன். என் தலைக்கு மேலே நானே போட்ட கூரை, ஒரு சொட்டு ஒழுகவில்லை. அதற்கும் ஒரு அழுகை வந்தது.

நவம்பர் 26, ஞாயிறு

நேற்று அழுதுகொண்டே தூங்கினேன், இன்று சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது. வரிசையாக எழுதணும்.

ட்வைட் வந்தான், பெரிய வண்டியோடு. "என்ன அண்ணி, கோவமா?" என்றான். உருளைக்கிழங்கு பரப்பிச் சுட்ட கறி இருந்தது, கொடுக்கவில்லை. அவனே வண்டியைப் பின்னால் எடுத்து, படகைக் கொக்கியில் மாட்டி, மெதுவாக இழுத்தான்.

டங்!

வெண்டலின் தூண்.

ட்வைட் இறங்கி வந்து பார்த்தான். வாசல் பதினான்கு அடி. நட்ட நடுவில் தூண். இந்தப் பக்கம் ஏழடி, அந்தப் பக்கம் ஏழடி. படகின் அகலம் எட்டரை. வெளிப்பக்கத் தூண்களுக்கு நடுவே விட்டு வளைக்கலாமா என்று பார்த்தான், நீளம் விடவில்லை. பின்பக்கம் வெண்டல் கறிக்குப் புகைபோடும் தகர அறை, நந்தி மாதிரி. இந்தப் பக்கம் கொட்டகை.

நானும் இதை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சத்தியம் பண்ணுகிறேன். ஒரு மாதத்துக்கு மேல் அந்தப் படகிலேயே நின்று வேலை பார்த்தவள்!

ஐனாரும் வந்திருந்தார், வேடிக்கை பார்க்க. "அண்ணே, உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?" என்றேன்.

"தெரியும்மா."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"யாரும் கேக்கலையே."

ட்வைட் வண்டிக்குள்ளிருந்து மோட்டார் ரம்பத்தை எடுத்தான். "அண்ணே, தூணை அறுத்துடலாம். அஞ்சு நிமிஷ வேலை."

அதற்குள் வெண்டல், முழங்கால் வலிக்கார வெண்டல், பாய்ந்து போய்த் தூணைக் கட்டிக்கொண்டார். "என் தூண் மேல ரம்பத்தை வெச்ச, கையை ஒடிச்சிருவேன் பாத்துக்கோ!"

"அப்ப படகு?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும்டா. உன் வீட்டு வழியையா மறிக்குது?"

ட்வைட் போய்விட்டான். வெண்டல் தூணில் ரம்பம் பட்டிருக்கிறதா என்று சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தார். படவேயில்லை. கறியைச் சூடு பண்ணிக் கொடுத்தேன், இரண்டு தட்டு சாப்பிட்டார்.

ஜனவரி 13, சனி

மூன்றடி பனி. கூரை கம்மென்று தாங்குகிறது. படகு உள்ளே பத்திரம். ஆனால் கோடையில் எப்படி வெளியே எடுப்பது? நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ட்வைட் ஞாபகத்துக்கு வந்துவிடுவான்.

மே 4, சனி

காலையில் டிராக்டர் சத்தத்தில் விழித்தேன். போய்ப் பார்த்தால், புகைபோடும் தகர அறை இல்லை. கல்யாணமான வருஷம் கட்டியது, எத்தனை மானைத் தொங்கவிட்டிருப்பார் அதில்! சங்கிலி போட்டு இழுத்துச் சாய்த்து, தகரத்தைச் சுருட்டி ஓரமாக வைத்திருந்தார். பின்பக்கம் திறந்து கிடந்தது. படகு வெளியே, வண்டியில் மாட்டித் தயாராக. தூண் நின்ற இடத்திலேயே நின்றது.

"ஏங்க, யாருக்காக இதை இடிச்சீங்க? தூணுக்காகவா, எனக்காகவா?" நான் நேராகவே கேட்டுவிட்டேன்.

"தூணுக்காகத்தான்" என்றார், வண்டியில் ஏறிக்கொண்டே.

இந்த மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது. காது இரண்டும் செக்கச்செவேல் என்று இருந்தது.