முத்திரை சாரின் படிக்கல் பெட்டி

1971 ஆகஸ்ட் 12, வியாழன்

தராசுக்கும் படிக்கல்லுக்கும் முத்திரை போட்ட இன்ஸ்பெக்டர், ரிட்டயரானவர், இன்றைக்குக் கடைக்கு வந்தார். வேலையில் இருந்தவரை அருப்புக்கோட்டையில் எந்தத் தராசும் அவர் கண்ணுக்குத் தப்பாது. பாரபட்சம் வந்துவிடும் என்று எந்தக் கடையிலும் ஒரு டீ குடித்ததில்லை. இப்போது உட்கார்ந்து பேச ஊரில் ஓர் ஆளில்லை. சம்சாரமும் போய்ச் சேர்ந்தாச்சு.

கடை கடையாய் எடை சோதித்த தன் சொந்தப் பித்தளைப் படிக்கல் பெட்டியை நீட்டினார். "துடைச்சு வச்சிருக்கேன் அண்ணாச்சி. இனி எனக்கு வேண்டியதில்ல. நீங்க வச்சுக்கங்க."

மடையன் மாதிரி வாங்கி வைத்துவிட்டுத் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம்தான் சுருக்கென்றது. உயிரோடு இருக்கப்போகிற மனுஷன் அந்தப் பெட்டியைக் கொடுப்பாரா?

ஓடினேன். வீடு பெருக்கித் துடைத்து, பாத்திரமெல்லாம் கவிழ்த்து வைத்திருந்தது. "சார், செத்துப்போற நெனப்பா?" என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

"ஒரு தப்பு இல்லாம இருந்தேன் அண்ணாச்சி. யாருக்கும் வேண்டாதவனாயிட்டேன்" என்று அழுதார்.

"என் தராசு சரியில்ல சார். நாளைக்கு நீங்கதான் பாக்கணும்" என்று கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன். மூன்று தோசை சாப்பிட்டார். இப்போது பக்கத்துக் கட்டிலில்தான் படுத்திருக்கிறார். தூங்கவில்லை. விடிந்ததும் வெளியூரில் இருக்கும் அவர் மகனுக்குத் தந்தி கொடுக்க வேண்டும்.

அவர் சாப்பிடும்போது கடைக்குப் போய், தராசுத் தட்டுக்கு அடியில் புளியை ஒட்டிவிட்டு வந்தேன். இத்தனை வருஷ வியாபாரத்தில் செய்யாத வேலை. காலையில் அவர் கண்டுபிடித்து, கடைத்தெருவே கேட்கும்படி என்னைத் திட்ட வேண்டும்.