கூலிப்படையை அழித்தவருக்கு

எடப்பாடி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் சுகன்யா, போர்வெல் லாரி வைத்திருக்கும் கணவன் மணிமாறனின் பில் புத்தகத்திலேயே ஒரு தாளைக் கிழித்து எழுத உட்கார்ந்தாள். கம்ப்யூட்டர் விளையாட்டில் அவள் எட்டு மாதமாக வளர்த்த கூலிப்படையை, நேற்று மத்தியானம் அவள் துணி காயப்போடப் போன நேரத்தில் அவன் எடுத்து ஆடி ஒரே சண்டையில் அழித்துவிட்டான். சிரிக்கவும் செய்தான்.

“ஏனுங்க, அக்கா ஊட்டுக்குப் போறேன், பொழுதோட வந்துருவேன். கொள்ளுப் பருப்பு அடுப்பு மேல இருக்குது, சுட வெச்சுக்குங்க. சாவி மீட்டர் பெட்டி மேல.

பொம்மைச் சண்டைக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கேன்னு சொன்னீங்க. ஆமாங்க, தூக்கித்தான் வெச்சிருக்கேன். போர்வெல்லுல தண்ணி வராட்டியும் ஓட்டுன ஒவ்வொரு அடி ஆழத்துக்கும் காசு வந்துரும். அதே நெனப்புல நீங்க நிறுத்தாம போயிட்டே இருந்தீங்க. இங்க ஜெயிச்சாத்தான் கூலி. நாலு பேரு விழுந்ததுமே மிச்சப் பேரைக் கூட்டிக்கிட்டு ஓடி வந்திருக்கோணும். ஆளு இருந்தா அடுத்த வேலை புடிச்சுக்கலாம்.

நான் மறுபடியும் மூணு ஆளோட ஆரம்பிக்கத்தான் போறேன். யாரு சிரிச்சாலும் நிறுத்த மாட்டேன்.

சுகன்யா.”

படியிறங்கியவள் திரும்பி வந்தாள். தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் பொடியெழுத்தில் நெருக்கி எழுதினாள்.

“கடைசி வரைக்கும் நின்னு செத்தானே, செவப்புக் கவசம் போட்டவன், அவன் பேரை நீங்க படிக்கவே இல்லை. உங்க பேரைத்தான் வெச்சிருந்தேன். எட்டு மாசத்துல ஒரு சண்டையிலயும் அவனை நான் முன்னால அனுப்புனதில்லீங்க.”