ஏழாவது இணைப்பு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை, நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு முட்டிவலிதான், தையல் கம்பெனிக்கு ஒரு நாள் லீவு போடு என்றால் என்னை முறைக்கிறாள். போனில் சொன்னால் குரல் உடைந்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

நெடுஞ்சாலைப் பாலத்தை மூன்றே நாளில் மாற்றியதைப் போனில் பார்த்துவிட்டு, அப்பா கலக்கிட்டீங்க, ஆபீஸ் முழுக்கக் காட்டினேன் என்றாயே, அன்றைக்கு நான் பேச்சை மாற்றிவிட்டேன். நான்கு மாதம் எங்கள் யார்டில் பாலத்தின் தளத்துக்கான கான்கிரீட் ஸ்லாப்புகளை வார்த்து, நம்பர் போட்டு லாரியில் கொண்டுபோய், பழைய பாலத்தை அறுத்தெடுத்த இடத்தில் கிரேனால் இறக்கினோம், எல்லாம் அச்சு பிசகாமல் உட்கார்ந்தது. இரண்டு ஸ்லாப்புகள் சேரும் இணைப்பில் கலவை ஊற்றுவதற்கு முன் ஓரங்கள் தண்ணீரில் நன்றாக ஊற வேண்டும், இல்லாவிட்டால் காய்ந்த கான்கிரீட் கலவையின் ஈரத்தைக் குடித்துவிடும், பிடிப்பு வராது. உள்ளங்கையை வைத்துப் பார்த்து, ஈரம் இருந்தால் ஊற்றலாம் என்று சாக்பீஸில் டிக் போடுவது என் வேலை. ஏழாவது இணைப்பில் கை வைத்தேன், காய்ந்து கிடந்தது. தண்ணீர் லாரி வந்து சேரவில்லை, மறுநாள் காலை ரோட்டைத் திறந்தாக வேண்டும், கலவை மிஷின் ஓடுகிறது, எல்லோரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். டிக் போட்டுவிட்டேன். இருபத்தாறு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

அம்மாவின் பஸ் தினமும் எட்டேகாலுக்கு அந்தப் பாலத்தில்தான் போகிறது. சுற்றிப் போ என்றால் ஏன் என்று கேட்பாள், பதில் சொல்லத் தைரியம் இல்லாமல் இரண்டு வாரமாக அடியில் போய் நிற்கிறேன். பஸ் ஏழாவது இணைப்பைத் தாண்டும்போது டொக் என்று ஒரு சத்தம். குண்டூசி என்று நாங்கள் கூப்பிடும் கிரேன்காரனைக் கூட்டிப்போய்க் கேட்கச் சொன்னேன். காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு, எனக்கு ஒண்ணும் கேக்கலண்ணே, உங்களுக்குத்தான் ஏதோ பிடிச்சிருக்கு என்று சிரித்தான். இருக்கலாம். ஆனால் சோப்புப் போட்டுக் கழுவினாலும் இந்த வலது உள்ளங்கை மட்டும் காய்ந்தே இருக்கிறது மகளே, துண்டால் துடைக்கும்போது அதில் ஈரமே தெரிவதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

நேற்று, நடந்ததை அப்படியே பெரிய இன்ஜினியருக்குக் கடிதமாக எழுதிவைத்தேன். பாலத்தை மூடி அந்த இணைப்பை வெட்டிப் பார்ப்பார்கள், ஊரே திட்டும், ரிடையர் ஆக ஐந்து மாதம் இருக்கும்போது வேலையும் போகலாம். நீ ஆபீஸில் காட்டிய படத்தை நினைத்தால்தான் கஷ்டமாக இருக்கிறது. இன்று சாயங்காலம் அம்மாவிடமும் சொல்லப்போகிறேன், அவள் போன் செய்து அழுதால் நீ தைரியம் சொல்.

குளிரில் ஈரத்தலையோடு வெளியே போகாதே. இருவரும் மனம் ஒத்து நிறைவாக வாழ வேண்டும். லீவுக்கு வரும்போது, நான் சொல்லும்வரை பழைய ரோட்டில் சுற்றியே வாருங்கள். இன்ஜினியருக்கு எழுதிய கடிதமும் இதுவும் ஒரே பையில் இருக்கின்றன. அதை அவர் கையில் கொடுத்த பிறகுதான் இதைத் தபாலில் போடுவேன். இது உனக்குக் கிடைத்திருந்தால், கொடுத்துவிட்டேன் என்று தெரிந்துகொள்.

உன் அப்பா