செல்வி அக்காவைக் கொன்றது நோயல்ல

நான் முரண்டு பிடித்தாலும் அடிக்காமல் வளர்த்த என் செல்வி அக்காவுக்கு,

நேற்று சிரம்பான் கோர்ட்டில் தீர்ப்பு வந்துவிட்டது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

அன்று பெடாஸ் தோட்டத்து வீட்டில் உன் புருஷன் உன்னைத் தரையில் தள்ளி, செம்பனைக் குலை வெட்டப் போகும் பூட்ஸ் காலால் நெஞ்சிலேயே மிதித்தான். நான் ஓடிவந்த பிறகும் மிதித்தான். விறகுக் கட்டையால் அவன் முதுகில் ஓங்கிப் போட்டேன். அப்புறம்தான் விலகினான்.

ஆம்புலன்ஸில் நீ பேசினாயே! "ஒண்ணும் இல்ல லா, புள்ளைக்குச் சோறு போடு" என்றாய். விலா எலும்புதான் முறிந்திருக்கிறது, பிழைத்துவிடுவாய் என்று நம்பினேன். மறுநாள் மூச்சு இழுத்தது. உதடு நீலம் பாரித்தது. தொண்டையில் இறக்கிய குழாயில் இரத்த நுரை ஏறி வந்தது.

டாக்டரம்மா என்னை உட்காரவைத்துச் சொன்னார். "அடிபட்ட நுரையீரல் உதவி கேட்டு ரசாயனச் செய்தி அனுப்பும்மா. சைட்டோகைன்னு பேரு. அதுக்கு வெள்ளை அணுக்கள் ஓடி வரும். உங்க அக்காவுக்கு அது அளவு மீறிப் போச்சு. வந்த அணுக்கள் அடிபடாத இடத்தையும் அரிக்குது. ரத்தக் குழாய் கசிஞ்சு நுரையீரல் பூரா தண்ணி."

"நிறுத்த மருந்து இல்லையா டாக்டர்?"

"அதை மட்டும் நிறுத்துற மருந்து இல்லம்மா. மெஷின்ல மூச்சு கொடுத்துக் காத்திருக்கோம்."

நீ காத்திருக்கவில்லை.

கோர்ட்டில் அவனுடைய வக்கீல் இதையே பிடித்துக்கொண்டார். விலா முறிந்து அவள் சாகவில்லை, அவள் உடம்பே அவளைக் கொன்றது என்றார். அவர் குரல்வளையைக் கடித்துவிடலாம் போலிருந்தது எனக்கு. டாக்டரம்மா சாட்சிக் கூண்டில் நின்று நிதானமாக மலாயில் சொன்னார்: "இவர் மிதிக்காமல் இருந்திருந்தால் அந்தச் செய்தி கிளம்பியே இருக்காது."

நீதிபதி அதை ஏற்றுக்கொண்டார். அவனுக்குச் சிறை. எனக்கு அது போதவில்லை. உனக்குப் போதுமா, அக்கா?

திரும்பி வந்ததும் பக்கத்து வீட்டம்மா, "பாவம், சளி கட்டிச் செத்துட்டா" என்றாள். உன் மகள் என் கையைப் பிடித்து நின்றாள்.

"மிதிச்சுக் கொன்னான்னு சொல்லுங்க!" என்று கத்திவிட்டேன்.

"அம்மாவுக்கு வலிச்சுச்சா சித்தி?" என்று கேட்டாள் பிள்ளை.

"வலிச்சுச்சும்மா" என்றேன். வேறென்ன சொல்ல?

அவளிடம் நான் ஒருபோதும் பொய் சொல்லமாட்டேன். உன் சாவுக்கு நோய் என்று பேர் வைக்க எவரையும் விடமாட்டேன், அக்கா.

உன் மகளுக்கு இனி அம்மாவாகவும் இருக்கப்போகும்,
உன் தங்கச்சி மலர்