கறுப்புத் தாள் ஒட்டிய அறை

1942 ஏப்ரல் 9
கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து இன்று பையன் பிறந்தான். சண்முகத்தாய் அழுதாள். நானும்தான்.

ஏப்ரல் 13
இன்றுதான் முதல் முறையாகக் குளிப்பாட்ட முற்றத்துக்குக் கொண்டுவந்தோம். உள்ளங்கால் வரை மஞ்சள். கொழும்பில் குண்டு விழுந்த பயத்தில் ஜன்னலெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டினவன் நான்தான். பகலில் எடுத்துவிடலாம் என்றுகூடத் தோன்றவில்லை, துறைமுகக் குமாஸ்தா புத்தி. நாலு நாளாக அரிக்கேன் வெளிச்சத்தில்தான் பிள்ளையைப் பார்த்திருக்கிறோம். அதில் எல்லோருமே மஞ்சள்தான்.

பிரசவம் பார்த்த நர்ஸ் பிளாரன்ஸும் ஊரைக் காலிசெய்து நாசரேத் போகிறாள். வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு எனக்குத் தடவக் கற்றுக்கொடுத்தாள். சண்முகத்தாய்க்குக் காய்ச்சல், வீட்டில் வேறு ஆள் இல்லை.

"வயித்த வலப்பக்கமாச் சுத்தித் தடவுங்க அண்ணாச்சி. கறுப்பா வெளிக்குப் போகப் போக மஞ்சளும் எறங்கும். ஆனா பால் குடிக்காமத் தூங்கிக்கிட்டே கெடந்தாம்னா தடவிக்கிட்டு இருக்காதிய. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிருங்க."

ஏப்ரல் 14
மூன்று வேளை, வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெய். இரண்டு தடவை வெளிக்குப் போனான்.

ஏப்ரல் 15
தூங்குகிறான். மார்பில் வைத்தால் வாய் திறக்கவில்லை. "கெளம்புங்க, ரயிலுக்குப் போவோம்" என்றாள் சண்முகத்தாய். ஊரே அந்த ரயிலில் தொங்குகிறது. காய்ச்சல்காரியையும் பச்சைப்பிள்ளையையும் எப்படி ஏற்றுவேன்? முகத்தில் மஞ்சள் குறைந்த மாதிரி இருக்கிறது. இன்னும் ஒரு நாள் தடவிப் பார்க்கிறேன்.

ஏப்ரல் 16
முதுகு வில்லாக வளைகிறது. கீச்சென்ற அழுகை - பிள்ளை அழுகையே இல்லை அது. ஏன் உட்கார்ந்திருந்தேன்? பிளாரன்ஸ் சொன்னாளே. தெளிவாகத்தானே சொன்னாள்.

ஏப்ரல் 17
பாளையங்கோட்டை. "நேத்தே வந்திருக்கலாமே" என்றார் டாக்டர். மஞ்சள் மூளை வரைக்கும் ஏறியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பிள்ளையை உள்ளே தூக்கிப்போனார்.

மே 2
மஞ்சள் போய்விட்டது. வீட்டுக்கு வந்தோம். தடவியே மஞ்சளை இறக்கினேன் என்று தெருவில் எனக்குக் கைராசிக்காரன் பெயராம். கேட்கவே கூசுகிறது.

செப்டம்பர் 8
பக்கத்து வீட்டு அருணாசலவடிவு ஏழு நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதற்கும் மஞ்சள். "ஒங்க கை பட்டாப் போதும் அண்ணாச்சி. ஒங்க பிள்ளையே சாட்சி" என்றாள். தட்ட முடியவில்லை. காலை நீட்டிப் பிள்ளையைப் போட்டுத் தடவ ஆரம்பித்தேன்.

துறைமுகத்தில் குண்டு ஒத்திகைச் சங்கு ஊதினார்கள். என் காலில் கிடந்த பிள்ளை உடம்பு தூக்கிப்போட்டு அலறியது. பக்கத்துப் பாயில் எங்கள் பையன் விழித்துத்தான் கிடந்தான். தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சண்முகத்தாய் வந்து அவன் தலைக்குப் பின்னால் கை தட்டினாள். மறுபடியும் தட்டினாள். அவன் கண்கூடச் சிமிட்டவில்லை. எனக்குக் காட்டத்தான் தட்டினாள். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

அருணாசலவடிவிடம் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த ரயிலிலேயே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன்.