நான் சொன்ன ரைட்

மதுரை,
தை மாதம், 1938

அய்யாவுக்குச் சின்னான் கும்பிட்டு எழுதுறது. நான் சுகமா இருக்கேன். உங்க இருமல் தணிஞ்சதா, நேரத்துக்குக் கஞ்சி குடிக்கிறீங்களா?

கண்டக்டர் வேலை பழகிருச்சு. இங்க ரைட்டுங்கிற ஒத்த இங்கிலீஷ் வார்த்தையிலதான் பொழப்பே ஓடுது. முதலாளிக்குச் சம்மதம்னா ரைட். டிரைவர் அண்ணனை வலது பக்கம் ஒடிக்கச் சொல்லவும் ரைட். தல்லாகுளத்து வக்கீலுங்க உரிமைன்னு வாதாடுறதும் ரைட்டுதானாம். ஆனா நான் ரைட்டுன்னாத்தான் பஸ் நகரும்.

நேத்து நம்ம ஊரு வழியா எழுமலைக்குப் போற கடைசி பஸ்ஸுல மேலவீட்டு முத்திருளன் ஏறுனான். உசிலம்பட்டியில காப்பி குடிக்க இறங்கி, "நான் வர்ற வரைக்கும் நிக்கட்டும்டா"ன்னான். எப்பவும் அவனுக்காக நிக்கிறதுதான் வழக்கம். காய்ச்சல்ல கிடந்த ஆத்தாவை உசிலம்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நாம மாட்டுவண்டி கேட்டப்ப, வெறும் வண்டியை வாசல்ல வச்சுக்கிட்டே "நடந்து போங்க"ன்னவன் அவன். பாதி வழியில புளியமரத்தடியில உக்காந்த ஆத்தா, பிறகு எந்திரிக்கவே இல்ல.

அவன் தம்ளரை வாயில வச்சான். நான் ரைட்டுன்னேன். கத்திக்கிட்டே பின்னால ஓடி வந்தான். டிரைவர் அண்ணே திரும்பிப் பார்த்தாரு. இன்னொருக்க ரைட்டுன்னேன்.

முதலாளி வஞ்சாரு, கொஞ்ச நாளைக்கு வேலைக்கு வர வேணாம்னுட்டாரு. அம்புட்டுத்தான், கவலைப்படாதீங்க. ஷெட்டுல தனியாப் படுக்கக் குளிருது. ஆத்தாவோட பழைய சேலை ஒண்ணை பஸ்ஸுல குடுத்து விடுங்க.

தபால் எடுக்க ஆள் வந்தாச்சு. ஒண்ணு மட்டும் விசாரிச்சு எழுதுங்க. ஊருக்கு நடந்து வந்த முத்திருளன், அந்தப் புளியமரத்தடியில உக்காந்தானா?

உங்க மகன்
சின்னான்