களப்புக்குப் போக வாகனம்

செவ்வாய்க்கிழமை

காலநிலை மாற்ற ஆய்வு உதவியாளர் வேலைக்கு இன்று ஓர்ஸ் ஹில் அலுவலகத்தில் நேர்முகப் பரீட்சை. கடலோடு சேரும் எங்கள் குறிஞ்சாக்கேணிக் களப்பு நீரில் உப்பு ஏறுவதை அளக்கும் வேலை. என் பட்டப்படிப்பு ஆய்வே அதைப் பற்றியதுதான். நேர்முகக் குழுவினர் அந்த ஆய்வேட்டைப் புரட்டவேயில்லை. "சொந்த வாகனம் இருக்கா?" என்று தலைவர் கேட்டார்.

"இல்லை சேர். களப்பு எங்கட வீட்டுக்குப் பின்னுக்குத்தான். நடந்தே போவன்."

"அது சரி தங்கச்சி. வாகனம் இல்லாத ஆளை எடுக்க ஏலாது."

வெளியே அவர்களுடைய ஜீப் ஏசிக்காக ஸ்டார்ட்டிலேயே நின்றது. இவர்கள்தான் காலநிலையைக் காப்பாற்றப் போகிறார்களாம்.

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொன்னேன். "பாதை எங்கட வாசலோட முடியுது, அங்கால களப்புக்கு நடைதான். அந்த வேலைக்கு எடுபட்டு வாற ஆள் இங்கதானே வாகனத்தை நிப்பாட்ட வேணும். பாவம், தேத்தண்ணி குடுப்பம்" என்றார்.

நான் ஊற்ற மாட்டேன்.